கடைசியா பால் ஊத்துறவங்க கணக்கு மட்டும் ஏன் காணாம போகுது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

பால் விலை லிட்டருக்கு ஒரு ரூபா ஏறினாலும் எறங்கினாலும் நம்ம பேப்பர்ல பெரிய எழுத்துல வருது, வரணும், எங்க ஊர் டீக்கடையில அதைத்தான் மொதல்ல படிக்கறாங்க. ஆனா அந்த லிட்டரை எழுதி வைக்கற கம்ப்யூட்டரை பத்தி யாரும் எழுதி நான் பார்க்கல, அதனாலதான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதா இருந்தா நடுவுல வெட்டுங்க, கடைசில கேட்டிருக்கறதை மட்டும் விட்டுடாதீங்க.

நான் கோபி பக்கத்து கிராமத்துக்காரி. கடைகளுக்கும் மண்டிகளுக்கும் கணக்கு புரோகிராம் எழுதி குடுக்கறதும், அடுத்தவங்க எழுதினது நின்னு போனா போய் பார்க்கறதும்தான் 17 வருஷமா என் வேலை. எங்கம்மா ரெண்டு மாடு வச்சிருக்காங்க, காலைலயும் சாயங்காலமும் ஊருக்குள்ள ஒரு கொள்முதல் மையத்துல ஊத்துவாங்க. மையத்தோட பேரையும் புரோகிராம் வித்தவங்க பேரையும் எழுத போறதில்ல, ஏன்னா இதே தப்பை நான் வேற வேற ஆளுங்க எழுதின நாலஞ்சு புரோகிராம்ல பார்த்துட்டேன்.

போன வருஷம் ஒருநாள் அம்மா சொன்னாங்க, "கண்ணு, மாசத்துல நாலஞ்சு நேரம் என்ற பால் ஏறவே மாட்டேங்குது, கேட்டா நீங்க அன்னிக்கு ஊத்தலைங்கறாங்க"ன்னு. 60 வயசு தாண்டினவங்க, ஊத்தாத பாலுக்கு காசு கேட்கற ஆளுன்னு நாலு பேர் முன்னாடி பேர் வாங்கிட்டு வந்து திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அவங்க கையில அட்டை இருக்கு, அதுல அன்னிக்கு காலைல 4.5 லிட்டர், பேட் (பால்ல இருக்கற கொழுப்பு) 4.1னு பேனாவுல எழுதியிருக்கு, கம்ப்யூட்டர் பிரிண்ட்ல அந்த நேரமே இல்ல. பிரிண்ட்ல இருக்கறதுதான் கணக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

அடுத்த நாள் காலைல அஞ்சரைக்கு நானும் கூடப் போயி அந்த கம்ப்யூட்டர் தம்பிக்கு பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். திரையில எக்செல் மாதிரி கட்டம் கட்டமா ஒரு கிரிட், உறுப்பினர் எண், லிட்டர், பேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக பால்ல இருக்கற மத்த சத்து), ஒவ்வொருத்தரா வர வர அந்த தம்பி டைப் பண்றான், ரொம்ப வேகமான கை, ஒரு தப்பும் நான் பார்க்கல. எங்க வீடு வாய்க்கா ஓரத்துல கடைசி வீடு, அதனால அம்மாதான் பெரும்பாலும் கடைசி ஆளு. அம்மாவோட எஸ்என்எஃப் நம்பரை அடிச்சான், வெளியில பால் வண்டி ஆரன் அடிக்குது, கர்சர் அந்த கட்டத்துலயே மினுக்கிட்டு நிக்குது, அப்படியே மவுசை எடுத்து மேல டூல்பார்ல இருக்கற சேவ் படத்தை அமுத்தினான், "சேவ் ஆயிடுச்சு"ன்னு வந்துது, மூடிட்டு கேனை தூக்க ஓடிட்டான். திரும்பி வந்தப்ப ஒருக்கா திறந்து காட்டு தம்பின்னு கேட்டேன். திறந்தான். அம்மாவோட வரிசை இல்ல. அந்த தம்பி மூஞ்சிய நான் மறக்க மாட்டேங்க, "அக்கா, உங்க கண்ணு முன்னாடிதானே அடிச்சேன்"னான்.

இது ஏன்னு தெரிஞ்சுக்க ஒரு விஷயம் புரியணும். திரையில தெரியற டேபிள் வேற, டேட்டாபேஸ்ல, அதாவது கணக்கு நிரந்தரமா சேர்ந்து கிடக்கற இடத்துல இருக்கற டேபிள் வேற. புரோகிராம் திறந்ததும் டேட்டாபேஸோட கனெக்‌ஷன் போட்டு, அங்க இருக்கறதை ஒரு நகல் எடுத்து மெமரியில வச்சுக்கும், நம்ம கிரிட்ல அடிக்கறதெல்லாம் அந்த நகலுக்குத்தான் போகும், சேவ் அமுத்தினா அப்பதான் நகல்ல எந்தெந்த வரிசை புதுசு, எது மாறியிருக்குன்னு பார்த்து டேட்டாபேஸுக்கு அனுப்பும். கடையில துண்டுச்சீட்டுல குறிச்சு வச்சுட்டு ராத்திரி பேரேட்டுல ஏத்தறோமே அதே மாதிரிதான். ஆனா இங்க துண்டுச்சீட்டுக்கும் முன்னாடி இன்னொரு இடம் இருக்கு, அடிச்சுட்டு இருக்கற கட்டம். கர்சர் ஒரு வரிசைய விட்டு நகராத வரைக்கும் அந்த வரிசை துண்டுச்சீட்டுக்கே வந்து சேரல, வாயிலயே நிக்குதுன்னு வச்சுக்கங்க. சாதாரண பட்டனை அமுத்தினா கர்சர் கட்டத்தை விட்டாவது வெளியில வரும், டூல்பார் படத்தை அமுத்தினா அதுவும் இல்ல. வரிசைய முடிச்சு விடற வேலைய புரோகிராம்தான் செய்யணும். இந்த மாதிரி புரோகிராம் எழுத உதவற மைக்ரோசாஃப்டோட டாட்நெட்ல இதுக்கு வேலிடேட், எண்ட்எடிட், அப்டேட்னு மூணே மூணு வரி, அதை எழுதற விஷுவல் ஸ்டுடியோவுல டேட்டா சோர்ஸை இழுத்து ஃபாரத்துல போட்டா அந்த மூணையும் அதுவே எழுதி குடுத்துடும். இந்த புரோகிராமை எழுதினவரு சேவை தானே எழுதியிருக்காரு, முதல் ரெண்டு வரிய விட்டுட்டாரு. அவ்வளவுதான். கடைசி ஆளை அடிச்சுட்டு அந்த தம்பி என்டர் தட்டி கீழ வந்த நாள்ல எல்லாம் சரியா ஏறியிருக்கு, வண்டிக்காரன் அவசரப்படுத்தின நாள்ல ஏறல, அதனாலதான் மாசத்துல நாலஞ்சு நேரம்.

வித்தவங்களுக்கு போன் பண்ணினா "அது யூசர் மிஸ்டேக் மேடம்"ங்கறாங்க. சோர்ஸ் கோடு (புரோகிராமோட மூல எழுத்து) குடுக்கவும் மாட்டாங்க. அதனால அன்னிக்கே ஒரு பேப்பர்ல "சேவ் பண்றதுக்கு முன்னாடி கீழ் அம்புக்குறிய ஒருக்கா அமுத்தவும்"னு பெரிசா எழுதி மானிட்டர் மேல ஒட்டிட்டு வந்தேன். அன்னில இருந்து கடைசி ஆள் கணக்கு காணாம போகல.

இதோட விட்டிருந்தா நான் இந்த கடிதம் எழுதியிருக்க மாட்டேன். மையம் நடத்தறவரு நல்ல மனுஷன், சங்கடப்பட்டு, டேட்டாபேஸை திறந்து பாருங்கம்மான்னு அவரே கேட்டாரு. மைஎஸ்கியூஎல்ங்கற டேட்டாபேஸ், எல்லா உரிமையும் இருக்கற ரூட் அக்கவுண்டுக்கு பாஸ்வேர்டே இல்ல, அதை முதல்ல மாத்தினேன். அப்புறம் அந்த டேபிளை பார்த்தா பிரைமரி கீ கிடையாது. அதாவது ஒரு வரிசைய இன்னொரு வரிசையில இருந்து பிரிச்சு காட்டற அடையாளமே இல்ல. எழுதினவரு என்ன பண்ணியிருக்காருன்னா, ஒரு நம்பரை திருத்தினா உறுப்பினர் பேரையும் தேதியையும் வச்சு அந்த வரிசைய தேடிப் போயி மாத்தற மாதிரி எழுதியிருக்காரு. எங்க ஊர்ல ஒரே பேர் ஒரே இனிஷியல்ல ரெண்டு அம்மா இருக்காங்க, மேலத் தெருவுல ஒருத்தங்க, காலனில ஒருத்தங்க. மேலத் தெரு அம்மாவோட பேட்டை 3.8ல இருந்து 4.3க்கு திருத்தினா காலனி அம்மாவுக்கும் 4.3 ஆயிடும், அதோட காலைல திருத்தினது சாயங்கால வரிசையிலயும் விழும். ஒரு வரிசைய மாத்தறோம்னு நினைச்சு நாலு வரிசை மாறுது, திரையில மட்டும் ஒண்ணு மாறின மாதிரி தெரியுது.

எட்கர் காட்னு ஐபிஎம்ல இருந்தவரு 1970-ல டேபிள் டேபிளா டேட்டாவை வைக்கற முறைய பத்தி எழுதின கட்டுரையிலயே பிரைமரி கீ வந்துடுது, புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. டாட்நெட்ல, திருத்தற கட்டளைய தானே எழுதித் தர்ற கமாண்ட் பில்டரை நம்பி விட்டா, கீ இல்லாத டேபிளுக்கு அப்டேட் கட்டளை எழுத முடியாதுன்னு அதுவே நின்னுடும். மைக்ரோசாஃப்டோட ஆக்சஸ்ல இருந்து ஓடிபிசிங்கற இணைப்பு வழியா அந்த மாதிரி டேபிளை லிங்க் பண்ணினா, எந்த காலம் (டேபிள்ல மேலிருந்து கீழா போற பத்தி) இதுக்கு அடையாளம்னு கேட்கும், நீங்க சொல்லலைன்னா படிக்க மட்டும்தான் விடும், திருத்த விடாது. லிப்ரே ஆபிஸ் பேஸும் அப்படித்தான். இதையெல்லாம் தொந்தரவுன்னு நினைச்சு சுத்திப் போறவங்கதான் அதிகம், "டேபிள் எடிட் ஆக மாட்டேங்குது, எப்படியாவது எடிட் ஆக வைங்க"ன்னு என்கிட்ட வர்ற பசங்களே அப்படித்தான் கேட்கறாங்க. அது எடிட் ஆகாம நிக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு கண்ணுங்களா, எந்த வரிசைன்னு அதுக்கு தெரியாம எப்படி மாத்தும்.

நான் உறுப்பினர் எண், தேதி, காலையா மாலையா, இந்த மூணையும் சேர்த்து கீ போட்டேன். போட விடவே இல்ல, ஏற்கனவே ரெண்டு தடவை ஏறின வரிசைங்க உள்ள கிடந்தா பிரைமரி கீய டேபிள் ஏத்துக்காது. அந்த ரெட்டை வரிசை ஒவ்வொண்ணையும் அவங்கவங்க அட்டைய வாங்கிப் பார்த்து, எது நெசம்னு முடிவு பண்ணி, நீக்கி, அப்புறம்தான் கீ உட்கார்ந்துது. மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

அடுத்தது பேட் காலம். அதை ஃப்ளோட்டுன்னு, அதாவது தசம எண்ணை தோராயமா வச்சுக்கற வகையில வச்சிருந்தாங்க. 4.1ங்கற நம்பரை கம்ப்யூட்டர் ரெண்டின் அடுக்கா எழுதறப்ப துல்லியமா எழுத முடியாது, கிட்டத்தட்ட வர்ற ஒரு நம்பரைத்தான் வச்சுக்கும், திரையில 4.1னு காட்டும், ஆனா 4.1க்கு சமமா இருக்கற வரிசைய குடுன்னு கேட்டா இல்லைங்கும். இதுல என்ன ஆகுதுன்னா, ஒரு வரிசைய சேவ் பண்றதுக்கு முன்னாடி "நான் எடுத்தப்ப இருந்த மாதிரியே இன்னும் இருக்கா"ன்னு பழைய மதிப்பையெல்லாம் ஒப்பிட்டு பார்க்கற முறை ஒண்ணு இருக்கு, நல்ல முறைதான், ஆனா ஃப்ளோட் காலம் ஒண்ணு நடுவுல இருந்தா ஒப்பீடு தோத்துடும், யாருமே தொடாத வரிசைக்கும் "வேற யாரோ மாத்திட்டாங்க"ன்னு பிழை வரும். எழுதினவரு இந்த பிழை ஏன் வருதுன்னு தேடல, அதை பிடிச்சு உள்ளயே முழுங்கற மாதிரி எழுதிட்டாரு, பிழை வந்தா என்ன செய்யணும்னு எழுதற கேட்ச் பகுதி காலியா கிடந்துதுன்னு அவரோட உதவியாளர் பையனே பின்னாடி என்கிட்ட சொன்னான். ஆக நெசமாவே வேற ஆள் மாத்தியிருந்தாலும் இனிமே யாருக்கும் தெரியாது. எனக்கு கோபம் வந்தது இதுலதாங்க. பிழை வர்றது தப்பில்ல, அது வந்ததை மறைச்சுட்டு சேவ் ஆயிடுச்சுன்னு சொல்றது தப்பு. பேட்டையும் ரூபாவையும், தசமத்தை அப்படியே துல்லியமா வச்சுக்கற டெசிமல்னு மாத்தினா இந்த தொல்லையே கிடையாது.

நெசமாவே வேற ஆள் மாத்தறது எப்பன்னா, மையத்துல ரெண்டு கம்ப்யூட்டர். முன்னால ஒண்ணு, பின்னால கணக்கு ரூம்ல ஒண்ணு. கணக்கம்மா பத்து மணிக்கு திறந்து வச்சு ரேட் சரிபார்த்துட்டு இருப்பாங்க, அதே நேரத்துல முன்னால தம்பி ஒருத்தரோட லிட்டரை 6ல இருந்து 6.5ன்னு திருத்தி சேவ் பண்ணுவான், பத்து நிமிஷம் கழிச்சு கணக்கம்மா ரேட்டை மட்டும் மாத்தி சேவ் பண்ணுவாங்க, அவங்க நகல்ல லிட்டர் பழைய 6தான், முழு வரிசையும் போயி உட்கார்ந்து அரை லிட்டர் காணாம போயிடும். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலைய சரியாத்தான் செஞ்சிருக்காங்க. இதுக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிப்பு எண் வைக்கணும், சேவ் பண்றப்ப எல்லாம் அது ஒண்ணு கூடும், நான் எடுத்தப்ப 3, இப்ப போய் பார்த்தா 4ன்னா நடுவுல யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம், அப்ப ரெண்டு மதிப்பையும் பக்கத்துல பக்கத்துல காட்டி எது வேணும்னு ஆளை கேட்கணும்.

தமிழ் பேருங்க பத்தி ஒரு வார்த்தை. உறுப்பினர் பட்டியல்ல பாதி பேர் ????ன்னு இருந்துது. டேபிள், இங்கிலீஷ் மாதிரி ஐரோப்பிய எழுத்துக்கான லத்தீன்1ல இருந்தா தமிழ் எழுத்துக்கு அதுல இடமில்ல, கேள்விக்குறியா மாத்தி வச்சுடும், ஒருக்கா கேள்விக்குறியா உள்ள போனது திரும்ப தமிழா வரவே வராது. எல்லா மொழி எழுத்தும் அடங்கற யூனிகோடு வகையான யுடிஎஃப்8எம்பி4னு ஆரம்பத்துலயே வச்சிருந்தா போதும். 2010-ல, கோவையில செம்மொழி மாநாடு நடந்த அதே வருஷம், நம்ம அரசே யூனிகோடை தரமா ஏத்துக்கிச்சு, இன்னும் ஒரு பால் கணக்குல சொந்த பேரை கேள்விக்குறியா பார்க்கறது மனசுக்கு கஷ்டமா இருக்குங்க. இந்த பேரையெல்லாம் அட்டைய வச்சு திரும்ப அடிச்சோம், எங்கம்மா பேரும் அதுல ஒண்ணு.

இதெல்லாத்துக்கும் மேல எனக்கு பெரிசா படறது ஒண்ணு. முன்னாடி நோட்டுல எழுதினப்ப தப்பு வந்தா ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல சரியானதை எழுதி, சின்னதா கையெழுத்து போடுவாங்க. அடிச்சதும் தெரியும், யார் அடிச்சதுன்னும் தெரியும். இப்ப கிரிட்ல 4.3ஐ அழிச்சு 3.3ன்னு அடிச்சா 4.3ன்னு ஒண்ணு இருந்த தடமே இல்ல. திருத்தற டேபிளை ஆளுங்க கையில குடுக்கறவங்க அந்த கோட்டையும் கையெழுத்தையும் சேர்த்து குடுக்கணும். பெரிய வேலை இல்லைங்க, டேட்டாபேஸ்லயே ஒரு டிரிகர் எழுதினா போதும், வரிசை மாறினா பழைய மதிப்பு, புது மதிப்பு, எந்த லாகின், எத்தனை மணி, எல்லாம் இன்னொரு டேபிள்ல தானா விழும். அந்த ரெண்டாவது டேபிளை திருத்தவோ நீக்கவோ புரோகிராமோட லாகினுக்கு உரிமை குடுக்கக்கூடாது. எல்லாரும் ரூட்ல உள்ள போனா யார் மாத்தினாங்கன்னே தெரியாது, அதனால ஆளுக்கு ஒரு லாகின். முன்னால இருக்கற தம்பிக்கு இன்னிக்கு வரிசைய சேர்க்க, திருத்த மட்டும் உரிமை, பட்டுவாடா முடிஞ்ச நாளோட கணக்கை யாருமே தொட முடியாது, தப்பு இருந்தா புதுசா ஒரு திருத்த வரிசை போடணும். நான் அங்க இப்படித்தான் வச்சு குடுத்திருக்கேன், புரோகிராமும் புதுசா எழுதிட்டேன், ஆறு மாசமா ஓடுது.

இப்ப நான் கேட்கறது.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துல பைத்தான் மொழியில இருந்து எஸ்கியூலைட்டுங்கற டேட்டாபேஸை இணைக்கற பாடம் இருக்கு, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் புத்தகத்துல பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கு, கிராமத்து அரசு பள்ளி பிள்ளைங்க இதை படிக்கறாங்கங்கறது ரொம்ப நல்ல விஷயம். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள், லேப்ல ஒரே ஒரு நாள் ரெண்டு பிள்ளைங்களை ரெண்டு கம்ப்யூட்டர்ல உட்கார வச்சு ஒரே மைஎஸ்கியூஎல் டேபிள்ல ஒரே வரிசைய திறக்க சொல்லுங்க, ரெண்டு பேரும் மாத்தி சேவ் பண்ணட்டும், யாரோடது போச்சுன்னு அவங்களே பார்க்கட்டும். பைத்தான்ல கமிட் (டேட்டாபேஸ்ல நிரந்தரமா ஏத்துங்கற கட்டளை) எழுதாம மூட சொல்லுங்க, அடிச்சது எங்க போச்சுன்னு தேடட்டும். இன்செர்ட், செலக்ட் கட்டளைங்களை மனப்பாடம் பண்றதை விட இது நெஞ்சுல நிக்கும்.

புரோகிராம் வாங்கறவங்க, பால் மையமோ மண்டியோ நகைக்கடையோ, காசு குடுக்கறதுக்கு முன்னாடி இதை செஞ்சு பாருங்க, கம்ப்யூட்டர் தெரியணும்னு இல்ல. கடைசி வரிசைய அடிச்சு கர்சரை நகர்த்தாம சேவ் அமுத்துங்க, மூடி திறந்து அது இருக்கான்னு பாருங்க. ஒரே பேர்ல ரெண்டு ஆளை ஏத்தி ஒருத்தரை திருத்துங்க, இன்னொருத்தர் மாறினாரான்னு பாருங்க. ரெண்டு கம்ப்யூட்டர்ல ஒரே வரிசைய திருத்துங்க. நேத்து நம்பரை மாத்திட்டு யார் மாத்தினதுன்னு காட்ட சொல்லுங்க. இதுல ஒண்ணு தவறினாலும் சரி பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புங்க, வெக்கப்படாதீங்க.

அதிகாரிகளுக்கு. 2009-ல வந்த சட்டமுறை எடையளவு சட்டப்படி எங்க மையத்துல இருக்கற எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டாகணும், போடறாங்க, நல்லது. ஆனா தராசுல 4.5ன்னு சரியா காட்டின அந்த நம்பரை வாங்கி எழுதி வைக்கற புரோகிராமை சோதிச்சு பார்த்து யாரும் முத்திரை கேட்டு நான் பார்த்ததில்ல. தராசு சரியா நிறுத்து, எழுத்து காணாம போனா ஊத்தினவங்களுக்கு என்ன பிரயோஜனம். பால், பருத்தி, மஞ்சள், நெல்லுன்னு விவசாயிகிட்ட வாங்கற இடத்துல ஓடற எந்த கணக்கு புரோகிராமும் திருத்தினதோட தடம் வச்சிருக்கணும், விவசாயி கேட்டா அவரோட வரிசையில நடந்த திருத்தம் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து குடுக்கணும்னு ஒரு உத்தரவு போட முடியும்னா போடுங்க, உங்க பேப்பர் அதை எழுதினா அவங்க காதுக்கு போகும்.

அம்மாவுக்கு மூணு மாச அட்டை இருந்துது, அதை வச்சு விட்டுப்போன நேரத்துக்கெல்லாம் மையக்காரர் அடுத்த பட்டுவாடாவுலயே சேர்த்து குடுத்துட்டாரு, எல்லார் முன்னாடியும் குடுத்தாரு. அதுக்கு முந்தின அட்டையெல்லாம் அடுப்பு பத்த வச்சு தீர்ந்து போச்சு, அந்த கணக்கு அவ்வளவுதான். பால் ஊத்துறவங்க இதை படிச்சா, அட்டைய தூக்கி போடாம ஒரு வருஷமாவது டிரங்கு பெட்டியில வச்சிருங்க.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து
ஒரு வாசகி